கொழுந்தினுள்ளே செம்பு

தேயிலைத் தோட்டங்களைப் பற்றிப் பேசப் புகுந்தால் மலையையும் மழையையும் பற்றிப் பேசுவோர் பலர். விலையையும் வேதனத்தையும் பற்றிப் பேசுவோர் அவரினும் பலர். உலோகத்தைப் பற்றிப் பேசுவாரைக் காண்டல் அரிது. ஆயினும், பச்சைக் கொழுந்தைக் கருந்தேயிலையாக மாற்றுவது ஓர் உலோகமே. அது செம்பு. தொழிற்சாலைப் பொறிகளில் உள்ள செம்பன்று. கொழுந்தின் உள்ளேயே கண்ணுக்கும் நாவுக்கும் எட்டாத நுண்ணளவில் உறைகின்ற செம்பு. இவ்வுண்மை எவ்வாறு தெளியப்பட்டது, அதற்கு ஏன் அரை நூற்றாண்டுக்கு அண்மையான காலம் சென்றது, அத்தெளிவிலே நம் மலைநாட்டுக்கு உள்ள பங்கு யாது என்பனவே இப்பேச்சின் பொருள்.

கொழும்பிலிருந்து மலையேறும் புகைவண்டி நாவலப்பிட்டியைக் கடந்து, வட்டவளையைத் தாண்டி, றொசல்ல என்னும் சிறு நிலையத்தில் நின்று, பின்னரே ஹட்டனை அடைகின்றது. இவ்விருப்புப்பாதை ஹட்டனை எட்டியது 1884ஆம் ஆண்டில். கோப்பிப் பயிரை இலைத்துரு நோய் அழித்த பின்னர், அந்நிலங்களிலே தேயிலை விரைந்து பரவிய காலம் அது. றொசல்லயைச் சூழ்ந்த சரிவுகள் தென்மேற்குப் பருவக்காற்றை நேரே எதிர்கொள்வன. அடுத்துள்ள வட்டவளையோ இலங்கையில் மிகுதியான மழை பெறும் இடங்களுள் ஒன்று. மழையும் மூடுபனியும் ஓயாத அம்மாதங்களிற் கொழுந்தை வாட்டுவதே பெரும்பாடு.

இச்சரிவுகளிற் பறிக்கப்படும் கொழுந்து மடுவத்திலே நிறுக்கப்பட்டுத் தொழிற்சாலைக்குப் போகின்றது. தோட்டத்து மக்கள் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. 'இஸ்டோர்' என்பதே அவர்கள் வழக்கு. அங்கே கொழுந்து முதலில் மாடித் தட்டுகளிற் பரப்பி வாட்டப்படும். பின்னர் உருட்டுப்பொறியில் இட்டு முறுக்கப்படும். இலையின் கலங்கள் உடைந்து சாறு வெளிப்படும். அதன்மேல் ஓடு பதித்த மேடையிலோ சீமெந்துத் தளத்திலோ குளிர்ந்த ஈரக் காற்றில் மெல்லிதாகப் பரப்பி வைப்பர். சில மணி நேரத்திலே பச்சை நிறம் மாறிப் புதுச் செப்புக் காசின் நிறம் தோன்றும். பச்சிலை மணம் மறைந்து கனிந்த பழத்தை ஒத்த மணம் எழும். அம்மணத்தின் உச்சியறிந்து, முந்தாமலும் பிந்தாமலும், கொழுந்தை வெப்பக் காற்றடிக்கும் உலர்த்திக்கு அனுப்புபவரே தேர்ந்த டீமேக்கர். இவ்விடை நேரத்தில் நிகழ்வதைத்தான் ஆங்கிலேயத் தோட்டக்காரர் நொதித்தல் என்று அழைத்தனர்.

அப்பெயர் ஒரு பிழையான எண்ணத்தின் எச்சம். தோசை மா பொங்குவதற்கும் பால் உறைவதற்கும் நுண்ணுயிர்கள் காரணமாதல் போல, தேயிலை நிறமாறுவதற்கும் நுண்ணுயிர்களே காரணம் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறிஞர் சிலர் கருதினர். 1901ஆம் ஆண்டளவில் யப்பானில் ஆசோ என்பவரும், இந்தியத் தேயிலைச் சங்கத்தின் அறிவியலாளராய் இருந்த ஹரல்ட் மான் என்பவரும், இம்மாற்றம் இலையினுள்ளேயே இருக்கும் ஒரு நொதியத்தின் செயல் என்று காட்டினர். உயிர்ப்பொருளிலே தோன்றும் ஊக்கிகளையே நொதியங்கள் என்கிறோம். ஆகவே, ஊக்கி என்பதன் இயல்பை முதலிற் சிறிது அறிந்துகொள்ளல் நலம்.

ஒரு பொருள் மற்றொரு பொருளாக மாறுவதற்கு இயற்கை இடந்தந்தாலும், இடையே ஒரு மலை குறுக்கிடுதல் உண்டு. அம்மலையைக் கடக்கப் பேராற்றல் வேண்டும். அன்றேல் நெடுங்காலம் வேண்டும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலை நிற்கின்றது. அதைக் குடைந்து சுரங்கம் அமைத்தமையால், புகைவண்டி மலைமுடியை ஏறாமலே அப்பாற் செல்கின்றது. சுரங்கத்தால் ஹட்டனின் உயரமும் மாறவில்லை. கொட்டகலையின் உயரமும் மாறவில்லை. நாள்தோறும் வண்டிகள் ஓடியும் சுரங்கமும் தேய்ந்தொழியவில்லை. ஊக்கியும் இவ்வாறே. தொடங்கும் பொருளையும் முடியும் பொருளையும் அது மாற்றுவதில்லை. வழியை மட்டும் எளிதாக்குகின்றது. பணி முடிந்தபின் தான் முன்னிருந்தவாறே நிற்கின்றது. 1823ஆம் ஆண்டில் டோபரைனர் என்னும் செருமானியர், ஐதரசன் வாயுவைப் பஞ்சுபோன்ற பிளாற்றினத்தின்மேற் பாய்ச்சியபோது அது தானே தீப்பற்றியெரிந்தது. பிளாற்றினமோ குறைவின்றி எஞ்சியது. 1835ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு பேர்சீலியசு இத்தகைய நிகழ்ச்சிகளுக்கெல்லாம் ஒரு பொதுப்பெயர் சூட்டினார்.

உலோக ஊக்கிகள் தோட்டத்துக்கு அயலானவை என்று எண்ண வேண்டா. உரம் போடும் நாளிலே தூவப்படும் அமோனியஞ் சல்பேற்று எங்கிருந்து வந்தது? காற்றிலுள்ள நைதரசனை ஐதரசனோடு கூட்டி அமோனியாவாக்க வல்ல உலோகத்தைத் தேடி, செருமனியிலே மிற்றாசு என்பவரும் துணைவரும் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்தனர். அரிய உலோகங்களெல்லாம் ஆராயப்பட்டன. ஈற்றில் வென்றது சுவீடனிலிருந்து வந்த ஒரு காந்த இரும்புத் தாது. அதன் ஆற்றலுக்கு அதிற் கலந்திருந்த சிறு மாசுகளே காரணம் என்பதும் வெளியாயிற்று. 1913ஆம் ஆண்டில் ஒப்பௌ நகரில் எழுந்த ஆலை அவ்விரும்பை நம்பியே எழுந்தது. யூரியா உரத்தின் கதையும் இத்தகையதே. மண்ணிலே அதைப் பிரித்து அமோனியாவாக்கும் நொதியம் யூரியேசு. வாளவரையினத்து விதையிலிருந்து அதைப் பளிங்காக்கிய சம்னர், 1926ஆம் ஆண்டில், நொதியம் என்பது புரதமே என்று நிலைநாட்டினார். அப்பளிங்கினுள்ளே நிக்கல் உண்டு என்பதை உலகம் 1975ஆம் ஆண்டிலேதான் அறிந்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அவ்வுலோகம் அறிஞர் கண்முன்னே மறைந்திருந்தது! நொதியத்தில் உள்ள உலோகம் அத்துணைச் சிறிதளவினது.

தேயிலையிலும் இதுவே நேர்ந்தது. நொதியம் ஒன்று உண்டு என்பது 1901ஆம் ஆண்டளவிலே தெரிந்துவிட்டது. அது எத்தகைய நொதியம் என்பது தெரியவில்லை. அவ்வினாவுக்கு விடை தேடிய நிலையங்கள் இரண்டு. ஒன்று அசாமிலே 1911ஆம் ஆண்டில் எழுந்த தொக்லாய் ஆராய்ச்சி நிலையம். மற்றையது இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம். 1925ஆம் ஆண்டிற் சட்டத்தால் அமைக்கப்பட்டு, நுவரெலியாவிற் பணி தொடங்கி, பின்னர்த் தலவாக்கலையிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்திலே நிலைபெற்ற நிலையம் அது. றொசல்லயில் ஏறிய ஒருவர் ஹட்டனையும் சிங்கமலைச் சுரங்கத்தையும் கொட்டகலையையும் கடந்தால் அடுத்து இறங்குமிடம் தலவாக்கலையே.

தொக்லாயில் ஆராய்ந்தவருள் முதன்மையானவர் ரொபேர்ட்சு. 1938ஆம் ஆண்டில் அவரும் சர்மா என்பவரும் பெரொட்சிடேசு என்னும் நொதியத்தின் பங்கை எடுத்துரைத்தனர். 1941ஆம் ஆண்டில் ரொபேர்ட்சு சைற்றோக்குரோம் ஒட்சிடேசு என்னும் வேறொரு நொதியத்தை முன்வைத்தார். இவ்விரண்டும் இரத்தத்தின் செந்நிறப் பொருளைப் போல இரும்பை உட்கொண்டவை. எனவே, தொக்லாயின் சாய்வு இரும்பின் பக்கமாக இருந்தது எனலாம். இதே காலத்தில் சென் கூம்ஸ் ஆய்வுகூடத்திலே லாம் என்பவரும் எச். பி. சிறீரங்காச்சார் என்பவரும் இலங்கைத் தேயிலையின் நொதித்தலைப் பற்றி வரிசையாகக் கட்டுரைகள் எழுதி வந்தனர். ஒட்சியேற்றம் பெறும் பொருள் யாது என்பதை அவர்கள் 1940ஆம் ஆண்டில் ஆராய்ந்தனர். 1943ஆம் ஆண்டில், உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அவ்வரிசையின் ஆறாவது கட்டுரையைச் சிறீரங்காச்சார் வெளியிட்டார். தேயிலையின் ஒட்சியேற்றும் நொதியம் செம்பை உட்கொண்ட பொலிபீனோல் ஒட்சிடேசு என்பதே அவருடைய முடிவு.

ஓர் இலையிலே இலட்சத்தில் ஒரு பங்கு அளவில் உள்ள உலோகத்தின் செயலை எவ்வாறு பிரித்தறிவது? அக்காலத்து முறை, உலோகத்தைக் கட்டிவிட்டுத் தொழில் நிற்கின்றதா என்று பார்ப்பதேயாம். சயனைட்டு நஞ்சு இரும்பையும் கட்டும், செம்பையும் கட்டும்; ஆகவே அது மட்டும் போதாது. காபனோரொட்சைட்டு வாயுவும் இரண்டையும் தடுக்கும். ஆனால், சைற்றோக்குரோம் ஒட்சிடேசை அது பற்றியிருக்கையில் ஒளியைப் பாய்ச்சினால் பிடி தளர்ந்து நொதியம் மீண்டும் தொழிற்படும். பொலிபீனோல் ஒட்சிடேசைப் பற்றிய பிடி ஒளிக்கு அசையாது. கார்பமேற்று வகையைச் சேர்ந்த ஒரு மருந்து செம்பையே நாடிப் பற்றும். இத்தகைய சோதனைகளாலேயே உருளைக்கிழங்கிலும் காளானிலும் உள்ள இவ்வகை நொதியம் செம்பைத் தாங்கியது என்று பேர்லினிற் குபோவிற்சும், கேம்பிரிட்சிற் கைலினும் மானும் 1937, 1938ஆம் ஆண்டுகளிற் காட்டியிருந்தனர். தேயிலை அவ்வரிசையிலே சேர்ந்தது.

உருளைக்கிழங்குக்கும் தேயிலைக்கும் என்ன உறவு என்று வியப்போர், நம் அடுக்களையை நினைத்துப் பார்த்தால் வியப்பு நீங்கும். அரிந்த வாழைக்காயும் கத்தரிக்காயும் காற்றுப்பட்டவுடன் கறுக்கின்றன. கறுக்காதிருக்க அவற்றை நீரில் இடுகின்றனர். வாழைப்பூவை மோர் கலந்த நீரில் இடுகின்றனர். நீர் காற்றைத் தடுக்கின்றது. மோரின் புளிப்பு நொதியத்தின் வேகத்தைக் குறைக்கின்றது. அடுக்களையிலே தடுத்தற்குரிய குற்றமாகக் கொள்ளப்படும் அதே மாற்றம், இஸ்டோரிலே பெறுதற்குரிய பயனாகின்றது. சீனரும் யப்பானியரும் பச்சைத் தேயிலை செய்யும்போது கொழுந்தை முதலிலேயே வறுத்தோ ஆவியிலிட்டோ நொதியத்தை அழித்துவிடுவர். அதனாலேயே அது பச்சையாக இருக்கின்றது. ஒரே செடி, ஒரே கொழுந்து. செம்புக்குத் தொழில் கொடுத்தால் ஒருவகைப் பானம், கொடாவிட்டால் வேறொருவகைப் பானம்.

தொக்லாய்க்கும் தலவாக்கலைக்கும் இடையே இருந்த வேறுபாடு நெடுங்காலம் நீடிக்கவில்லை. ரொபேர்ட்சும் தம்முடைய பிற்கால எழுத்துக்களிற் பொலிபீனோல் ஒட்சிடேசையே முதன்மையாகக் கொண்டார். தேநீரின் பொன்னிறத்துக்கும் துடிப்புக்கும் காரணமான தியாபிளேவின்களை ஆராய்ந்து தேயிலை இரசாயனத்துக்கு அவர் செய்த தொண்டு பெரிது. ஒரு முறை இரும்பின் பக்கம் சாய்ந்தமையால் அத்தொண்டு குன்றிவிடவில்லை. சைற்றோக்குரோம் ஒட்சிடேசிலே இரும்போடு செம்பும் உண்டு என்று பின்னர் ஐயமறத் தெளிந்ததை நினைக்கும்போது, தோற்றவரும் முற்றாகத் தோற்றிலர் என்றே சொல்லத் தோன்றுகின்றது. 1966ஆம் ஆண்டிற் கேம்பிரிட்சைச் சேர்ந்த கிரெகரியும் பெண்டாலும் தேயிலையின் நொதியத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். அதிலே செம்பு இருந்தது.

இன்று இச்செம்பின் இருப்பிடம் இன்னும் நுணுக்கமாகத் தெரியும். 1998ஆம் ஆண்டில் வற்றாளைக் கிழங்கின் நொதியத்துடைய அணுவமைப்பு எக்சுக்கதிரால் வெளிப்பட்டது. தேயிலையின் நொதியமும் அக்குடும்பத்ததே. செப்பணுக்கள் இரண்டு அருகருகே நிற்கின்றன. ஒவ்வொன்றையும் புரதத்தின் மூன்று கைகள் பிடித்திருக்கின்றன. காற்றின் ஒட்சிசன் மூலக்கூறு அவ்விரண்டுக்கும் நடுவே வந்து அமர்கின்றது. கொழுந்தின் கற்றெக்கின்கள் அணுகும்போது செம்பு அவற்றிலிருந்து இலத்திரன்களைப் பெற்று ஒட்சிசனுக்குக் கொடுக்கின்றது. ஒட்சிசன் நீராகி விலக, செம்பு அடுத்த மூலக்கூற்றுக்குக் காத்திருக்கின்றது. இலத்திரனை இழந்த கற்றெக்கின்களோ குயினோன்களாகி, ஒன்றோடொன்று இணைந்து தியாபிளேவின்களாகவும் தியாருபிசின்களாகவும் ஆகின்றன. ஆற்றின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆளேற்றும் ஓடம் போல, ஏற்றி இறக்கி மீண்டும் ஏற்றுவதே அதன் தொழில்.

உயிருள்ள இலையிலே இது நிகழாமைக்குக் காரணம், கற்றெக்கின்கள் கலத்தின் சாற்றறையிலும் நொதியம் வேறிடத்திலும் பிரிந்திருத்தலே. உருட்டுப்பொறி அச்சுவரை உடைக்கின்றது. குளிர்ந்த காற்றின் தேவைக்கும் இதுவே விளக்கம்: தளத்தின் வெப்பநிலை 20 முதல் 25 பாகை செல்சியசு அளவில் இருந்தால் தியாபிளேவின்கள் நன்கு உருவாகின்றன, வெப்பம் மிகுந்தால் அவை விரைந்து கருநிறப் பொருள்களாய்த் திரிந்து, தேநீர் துடிப்பிழந்து மங்குகின்றது. உலர்த்தியின் வெப்பம் புரதத்தைச் சிதைக்க, செம்பின் வேலை முடிகின்றது. டீமேக்கர் மூக்கினால் அறிந்து நிறுத்திய கணத்துக்கு இரசாயனம் இவ்வாறு காரணம் கூறிற்று. மூக்கை வேண்டாம் என்று அது இன்றளவும் சொல்லவில்லை.

தேயிலைத் தொழிலில் இரும்பைப் பகையாகக் கருதும் வழக்கம் பழையது. வெற்றிரும்பின்மேல் ஈரக்கொழுந்து கிடந்தால் கறை படியும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் கூட்டி எழுதுமை காய்ச்சினர். அன்னபேதி இரும்பின் உப்பு. கடுக்காயில் உள்ளது தனின். ஈரக்கொழுந்தும் இரும்பும் சேர்ந்தால் அதே மைதான் உண்டாகின்றது. உலோகமெல்லாம் ஒரே வகையாய் உதவுவதில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமோ?

செம்பு குறைந்தால் என்னாகும் என்பதை ஆபிரிக்கா காட்டிற்று. 1950களில், இன்று மலாவி என வழங்கும் நியாசலாந்திலே சில தோட்டங்களின் கொழுந்து எவ்வளவு நேரம் வைத்தும் நிறமாறவில்லை. முன்னர் இலங்கையிலே தென்னை ஆராய்ச்சி நிலையத்தை நடத்தியவரான ரெஜினால்ட் சைல்ட் அதனை ஆராய்ந்து 1955ஆம் ஆண்டில் எழுதினார். அவ்விலைகளிற் செம்பு மிகக் குறைவு. செடிகளுக்குச் செம்பு தெளித்தபோது, பின்னர் வந்த கொழுந்து ஒழுங்காக நொதித்தது. சிறீரங்காச்சாரின் முடிவுக்கு இதனினும் பெரிய சோதனை வேண்டுவதில்லை. ஆய்வுகூடத்திற் செம்பைக் கட்டித் தொழிலை நிறுத்தினர். இங்கே செம்பைக் கொடுத்துத் தொழிலைத் தொடக்கினர்.

நம் மலைநாட்டிலோ செம்பு வேறொரு வாயிலால் வந்தது. 1946ஆம் ஆண்டிலே கொப்புள நோய் இலங்கைத் தேயிலையிற் காணப்பட்டது. அது முற்றிய இலையை விட்டு இளங்கொழுந்தையே தாக்கும் பூஞ்சண நோய். மழையும் மூடுபனியும் அதற்கு உற்ற துணை. றொசல்ல, வட்டவளை போன்ற ஈரச்சரிவுகளுக்கு இதனினும் பொருந்தாத பகை இல்லை. அதற்கு மருந்தாக வாய்த்தவை செம்பின் சேர்வைகள். மருந்துக்கலத்தை முதுகிற் சுமந்து, வழுக்கும் சரிவிலே நிரை நிரையாக ஏறி இறங்கி அடிப்பது தோட்டத்துப் பணிகளுள் ஒன்றாயிற்று. பறிக்கும் கொழுந்தின் மேலேயே தெளிக்க வேண்டியிருந்தமையால், எஞ்சும் செம்பு குடிப்போர்க்குத் தீங்காகாதவாறு அளவும் இடைவெளியும் வரையறுக்க வேண்டியதாயிற்று. இலையின்மேற் படிந்த செம்பு பூஞ்சணத்தைக் கொல்லும். போதிய செம்புள்ள இலையின் நொதித்தலை அது பெருக்கிவிடாது. புரதத்தின் பிடியிலே, உரிய இடத்தில் அமர்ந்த செம்பே ஊக்கி. உலோகம் ஒன்றே, இருக்குமிடம் அதன் தொழிலை வேறாக்குகின்றது.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டிய பணம் தேயிலை ஏற்றுமதிமேல் விதிக்கப்பட்ட வரியிலிருந்து வந்தது. அவ்வேற்றுமதி நின்றது மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளரின் கைகளிலே. ஆயினும், கண்டவை எல்லாம் ஆங்கிலக் கட்டுரைகளாகி, துரைமாரின் அலுவலகங்களுக்கும் வெளிநாட்டு நூலகங்களுக்கும் போயின. வாட்டின பதத்தைக் கைப்பிடியால் அறிந்தவருக்கும், தளத்தின் மணத்தை மூக்கால் அறிந்தவருக்கும் அதன் காரணத்தை அவர்தம் மொழியிற் சொல்வார் அருகியே இருந்தனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாத்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. திரும்பியவர்களுக்கு வேலை அளிக்கும் பொருட்டு, 1968ஆம் ஆண்டு முதல் நீலகிரியிலே தமிழ்நாட்டு அரசு தேயிலைத் தோட்டங்களை வளர்த்தது. கொழுந்தறிந்த கைகள் அங்கும் கொழுந்தையே பறித்தன. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைக் குறை 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே பெரும்பாலும் தீர்ந்தது. நொதியத்தின் உலோகத்தைக் காண்பதற்குச் சென்ற காலத்தினும் இது நீண்டது.

தேயிலையின் இரசாயனத்திலோ ஒரு பகுதி இன்னும் முடியவில்லை. தியாபிளேவின்களின் அமைப்பு 1960களிலே தெளிந்துவிட்டது. ஆனால், கோப்பையிற் காணும் செந்நிறத்திற் பெரும்பங்கு தியாருபிசின்களுக்கு உரியது. அவை ஒரு பொருளல்ல. நுண்ணிய நிறைமானிகளால் ஆராய்ந்தபோது ஆயிரக்கணக்கான பொருள்களின் கலவையாய் விரிந்தன. இரண்டு செப்பணுக்கள் தொடக்கிவைத்த மாற்றம் அத்தனை கிளைகளாகப் பிரிகின்றது. அக்கிளைகளுட் பலவற்றுக்கு இன்னும் பெயரிடப்படவில்லை.